மூவாயிரத்து இருநூறு சொட்டு

நேயர்களுக்கு வணக்கம். கைக்கெட்டும் தூரத்தில் டிக் டிக் என்று அழுத்துகிற பேனா ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப் பேச கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் விரலின் அடிப்பக்கம் வலிக்கும். அந்த வலிதான் முப்பது வருஷம் என் உத்தியோகம். நான் தடுப்பூசி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் கையில் பேனாவுக்குப் பதில் பிப்பெட் இருக்கும், அதாவது திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் குழாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு தடுப்பூசி வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஊசி போடுமுன் கொஞ்சம் ரத்தம், போட்டபின் கொஞ்சம் ரத்தம். ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீரைத்தான் சீரம் என்கிறோம். வைரஸை மடக்கிப்போடும் சக்தி அதில்தான் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, அதை நீர்க்க வைத்துக்கொண்டே போக வேண்டும்.

மோரை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு டம்ளர். முதலாவதில் கெட்டி மோர், மற்றதில் எல்லாம் 100 மில்லி தண்ணீர். முதல் டம்ளரிலிருந்து 100 மில்லி எடுத்து இரண்டாவதில் ஊற்றிக் கலக்கு. அதிலிருந்து 100 மில்லி மூன்றாவதில். இப்படியே போனால் கடைசி டம்ளரில் மோர் வாசனைகூட இருக்காது. எந்த டம்ளர் வரைக்கும் புளிப்பு தெரிகிறது என்பதுதான் கேள்வி.

இப்போது பாருங்கள், கை கொஞ்சம் தாராளமாகி ஒவ்வொரு முறையும் 100-க்குப் பதில் 110 மில்லி எடுத்துவிட்டீர்கள். பத்து மில்லிதானே! ஆனால் ஏழு முறை ஊற்றி முடிக்கும்போது, கடைசி டம்ளர் மோர் இருக்க வேண்டியதைவிடக் கிட்டத்தட்ட 40 சதவீதம் கெட்டியாக இருக்கும். பிழை ஒரு டம்ளரோடு நிற்பதில்லை. கூடவே நடந்து வருகிறது.

எங்கள் டம்ளர் உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய குழி. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் எட்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 96 குழி. 200 பேர் சீரம் வந்தால், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, எட்டு எட்டுக் குழியில் நீர்க்க வேண்டும். 3200 சொட்டு. அது நீர்ப்பதற்கு மட்டும். வைரஸ் விடுவது தனி.

இந்தக் குழித்தட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் நகர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1951, ஹங்கேரியில் ஃப்ளூ பரவிய நேரம். பரிசோதனை செய்யக் கண்ணாடிப் பிப்பெட்டுக்குக்கூடத் தட்டுப்பாடு. கியூலா தகாட்சி என்ற மருத்துவர் பிளாஸ்டிக் பலகையில் வரிசை வரிசையாகக் குழி தோண்டினார். பிப்பெட்டுக்குப் பதிலாகக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி முனையில் வைத்தார். குழியில் முக்கினால் ஒரே அளவுச் சொட்டு ஏறும். விரல்களுக்கிடையில் உருட்டினால் கலந்துவிடும். தூக்கி அடுத்த குழியில் வை. இல்லாத கொடுமையில் பிறந்த அந்தக் குழித்தட்டுதான் இன்று உலகத்தில் எந்த வைரஸ் கூடத்துக்குப் போனாலும் இருக்கிறது. குழிக்குக் குழி 9 மில்லிமீட்டர் என்று பிறகு நிலைத்துவிட்டது. அந்த 9 மில்லிமீட்டரை நம்பித்தான் எல்லா இயந்திரக் கையும் நகர்கிறது. குழியைத் தகாட்சி தோண்டினார், இயந்திரம் பின்னால் வந்து அதில் காலை வைத்தது என்பேன் நான்.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா? வாயால் உறிஞ்சினார்கள்! கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து, இளநீர் குடிப்பதுபோல. உள்ளே இருப்பது சில சமயம் உயிருள்ள வைரஸ். 1957-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்ற மருத்துவர் கட்டைவிரலால் அழுத்தும் பிப்பெட்டைச் செய்தார். வாய் தப்பித்தது, விரல் மாட்டிக்கொண்டது.

ஃப்ளூ சோதனையின் முடிவு பார்க்க அழகாக இருக்கும். நீர்த்த சீரத்தோடு வைரஸ் சேர்த்து, பிறகு வான்கோழியின் ரத்த அணுக்களை விடுவோம். சீரம் வைரஸை மடக்கிவிட்டால் அணுக்கள் சும்மா கீழே இறங்கிக் குழியின் நடுவில் அச்சாகச் சிவப்புப் பொட்டு வைத்ததுபோல் நிற்கும். மடக்காவிட்டால் வைரஸ் அணுக்களைக் கோத்துப் பிடித்துக்கொள்ளும், குங்குமத்தை ஈரக்கையால் தேய்த்த மாதிரி படரும். 40 மடங்கு நீர்த்த பிறகும் பொட்டு விழுந்தால், ஃப்ளூ வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு. நாற்பதா இருபதா என்பது ஒரே ஒரு குழி வித்தியாசம். மறுபடியும் அந்த பத்து மில்லி மோர்!

அதனால்தான் இயந்திரம் வந்தது. எங்கள் கூடத்துக்கு வந்த நாளில் தேங்காய் உடைத்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை, அதில் வரிசையாக டிப்புகள், அதாவது உறிஞ்சும் முனைகள். இறங்கும், உறிஞ்சும், நகரும், விடும். டீ கேட்காது. சாயங்காலம் நாலு மணிக்கும் காலைச் சொட்டு மாதிரியே சொட்டும்.

ஒரு நாள் முடிவைப் பார்த்தால் தலை சுற்றியது. 48 பேருக்கு ஊசி போடுமுன்பே எதிர்ப்பு சக்தி இருக்கிறது, போட்டபின் காணோம்! மருந்தே கெட்டதா, வைரஸ் மாறிவிட்டதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாதிரித் தட்டுகளை எடுத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். முதல் குழி இருக்கும் மூலையில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். "அந்தத் தட்டை நான் எடுத்தப்போ புள்ளி சுவர்ப்பக்கம் இருந்துச்சு மேடம்" என்றார்.

தட்டை அரைச்சுற்று சுற்றி, முன்பக்கம் பின்பக்கமாக வைத்திருக்கிறோம். ஒற்றைப்படை வரிசையில் ஊசிக்கு முன், இரட்டையில் ஊசிக்குப் பின் என்று அடுக்கியிருந்தோம். திருப்பினால் ஒன்று பன்னிரண்டாகும், இரண்டு பதினொன்றாகும். முன்னது பின்னதாகிவிட்டது. தட்டு திரும்பியிருப்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய, பார்கோடு படிக்கும் கண் அந்த வாரம் பழுது, வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வர வேண்டும். இயந்திரம் தன் வேலையைச் சொட்டு பிசகாமல் செய்திருந்தது. நாங்கள் திரும்பச் செய்தோம், இந்த முறை எல்லாத் தட்டிலும் பச்சைப் புள்ளி. யாரும் சிரிக்கவில்லை.

உயிருள்ள கொரோனா வைரஸை வைத்துச் செய்யும் சோதனை, வடிகட்டாமல் காற்றை வெளியே விடாத அறை, அங்கே இயந்திரம் எப்படி என்று விரிவாகச் சொல்ல வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சுருக்கிவிடுகிறேன். 2020-இல் பல நாட்டுத் தடுப்பூசிகளை ஒரே முறையில் அளந்து ஒப்பிட ஆய்வகங்களின் கூட்டணி ஒன்று அமைந்தது. நம் நாட்டில் ஃபரிதாபாத்தும் அதில் உண்டு. அப்படிப்பட்ட அறையில் இயந்திரம் பழுதானால் மெக்கானிக் நேராக உள்ளே போக முடியாது. முதலில் அறையையும் இயந்திரத்தையும் சேர்த்துப் புகைபோட்டுக் கிருமி நீக்க வேண்டும், பிறகுதான் திருப்புளி. அந்தப் புகை போடும் நாள் வரும்வரை வேலை நிற்காது. உள்ளே உடை மாட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பாள்.

பேனாவைக் கீழே வைத்துவிடலாம். வணக்கம்.