ஒடஞ்ச துண்ட குப்பையில போடாதீங்க

மேடையில இருக்குற சங்கத் தலைவர் அய்யா அவர்களே, வேல நாள்னும் பாக்காம வந்திருக்குற பாலிடெக்னிக் முதல்வர் அவர்களே, வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, மின்வாரியத்துலேர்ந்து வந்திருக்குற பொறியாளர் சார் அவர்களே, காலைலேர்ந்து சூளை வெக்கையில நின்னுட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்குற அண்ணன் தம்பிங்களே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். நம்ம விருத்தாசலத்துல பீங்கான் பத்தி பேச எடம் குடுத்ததுக்கு நன்றி.

மூணு விஷயம் சொல்லணும்னு வந்தேன். பீங்கான் ஏன் ஒடையுது, எப்படி வளையுது, நாம என்ன பண்ணணும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க. எங்க அப்பா சூளையில நின்னு சொல்லுவாரு, அப்ப புரியல. இரும்புல ஒரு கீறல் இருந்தா அந்த முனையில இரும்பு கொஞ்சம் வளஞ்சு குடுத்து சமாளிச்சுக்கும், பீங்கானுக்கு சூளை சூடு இல்லாதப்ப அந்த வளையுற குணம் கெடையாது, பாரம் மொத்தமும் கீறல் முனையில போய் குவியும். 1921-ல கிரிஃபித்னு ஒரு இங்கிலாந்து எஞ்சினியர் கண்ணாடிய வச்சு இத கணக்கா போட்டு காட்டிட்டாரு, பொருளோட பலத்த முடிவு பண்றது அதுல இருக்குற பெரிய கீறல்தான்னு. அதனாலதான் அமுக்கினா மல மாதிரி தாங்குற பீங்கான் இழுத்தா சட்டுனு போயிடுது, அமுக்கும்போது கீறல் மூடிக்கும், இழுக்கும்போது வாயப் பொளக்கும்.

நான் சூப்பர்வைசரா இருந்தப்ப நடந்தத சொல்றேன். ஒரு லோடு ஃபியூஸ் கேரியர், அதான் ஃபியூஸ் கம்பி மாட்டுற பீங்கான் கட்டை, திரும்பி வந்துடுச்சு, ஸ்க்ரூ முறுக்கும்போதே டப்புனு போகுதாம், வாங்கினவங்க மண்ணு சரியில்லன்னுட்டாங்க, மொதலாளியும் மண்ண மாத்தினாரு, சூட்ட ஏத்தினாரு, எறக்கினாரு, பணம் போனதுதான் மிச்சம். ஒருநாள் சாயங்காலம் டீ குடிச்சிட்டே ஒடஞ்ச துண்டுங்கள வெயில்ல சாய்ச்சு லென்ஸ் வச்சு பாத்தேன். ஒடஞ்ச முகத்துல விசிறி மடிப்பு மாதிரி கோடுங்க, எல்லா கோடும் ஒரே எடத்துலேர்ந்து கெளம்புது, அந்த எடத்துல குச்சி மாதிரி நீளமா ஒரு ஓட்டை. அடுத்த துண்டுலயும் அதே. எனக்கு ஒண்ணும் பிடிபடல. பக்கத்துல நின்ன அக்கா எட்டிப் பாத்துட்டு, "சார், இது நம்ம தென்னந்தொடப்பக் குச்சி தண்டியில்ல இருக்கு"ன்னாங்க! மண்ணு மாவ அச்சுல அமுக்குற ப்ரெஸ் பக்கத்துல கூட்டுறப்ப ஒடஞ்ச குச்சி மாவுல விழுந்திருக்கு, சூளையில எரிஞ்சு போச்சு, ஓட்டை மட்டும் நின்னுடுச்சு. அன்னைக்கே ப்ரெஸ்கிட்ட தொடப்பம் கூடாதுன்னுட்டோம், மாவ சலிச்சோம், கம்ப்ளெயிண்ட் நின்னுபோச்சு. அந்த அக்கா கண்ணுக்கு என்ன சம்பளம் குடுத்தாலும் தகும்.

இதுல இன்னொண்ணு. ஈரக் காத்து கீறல் முனையில இருக்குற பிணைப்ப மெல்ல மெல்ல அறுக்கும், அதான் இன்னைக்கு தாங்கினது நாலு வருஷம் கழிச்சு அதே பாரத்துல ஒடையுது. எறும்பு ஊரக் கல்லும் தேயும், இங்க எறும்பு தண்ணிதான்.

ஒடையாம தடுக்க வழியும் இருக்கு. சிர்கோனியான்னு ஒரு வகை பீங்கான், அதுல கீறல் வந்தா அந்த முனையில இருக்குற துகளுங்க உருமாறி 3 முதல் 5 சதவீதம் உப்பி கீறல நெருக்கிப் பிடிக்கும், 1975-ல ஆஸ்திரேலியாக்காரங்க எழுதினாங்க, பல்லு கட்டுறதுக்கெல்லாம் அதத்தான் போடுறாங்க. வளையுற விஷயத்துக்கு வரேன், சூளையில சாமான் அடுக்குற பீங்கான் ஷெல்ஃப் நாளாக நாளாக தொங்கிப் போகுதுல்ல, சூட்டுல உள்ள இருக்குற கண்ணாடி மாதிரி பாகம் இளகுறதுதான் காரணம், அத விரிவா இன்னொரு நாள் பேசுறேன், ஏன்னா நான் கேக்க வந்தது வேற.

நம்ம சின்ன யூனிட்டுங்களுக்கு பொதுவா ஒரு டெஸ்டிங் ரூம் வேணும். ஒரு மைக்ரோஸ்கோப், பாரம் ஏத்தி ஒடச்சு பாக்குற ஒரு மெஷின், ஒடஞ்ச துண்டுங்கள தேதி போட்டு வைக்க ஒரு அலமாரி. கவுன்சிலர் அம்மா, நீங்க மனசு வச்சா நடக்கும். முதல்வர் அய்யா, உங்க பசங்களுக்கும் பிராக்டிகல் ஆகும். ஒரே தடவையில தர மாட்டாங்க, தெரியும், மறுபடி மறுபடி கேப்போம், எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

மனு வாசல்கிட்ட மேசையில இருக்கு. பக்கத்துலயே லென்ஸும் அந்த பழைய ஃபியூஸ் துண்டுங்களும் வச்சிருக்கேன், ஓட்டைய கண்ணால பாத்துட்டு கையெழுத்து போடுங்க. நன்றி, வணக்கம்.