தாய் வீடும் கடத்தல் வழக்கும்

நேயர்களுக்கு வணக்கம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் குடும்பநல வழக்குகள் நடத்தி வருகிறேன். இன்றைக்கு என்னைப் பேச அழைத்திருப்பது, தாயோ தந்தையோ மற்றவர் சம்மதம் இல்லாமல் குழந்தையை நாடு விட்டு நாடு கொண்டுபோனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி. பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு வணக்கம் சொல்லவே அது சரியாக இருக்கும். பார்ப்போம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஏப்ரல் மாதம், திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கூட மகளும் ஆறு வயதுப் பேரனும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வெளியே வெயில் கொளுத்துகிறது; பையன் மடியில் பஞ்சு வைத்த தடித்த நீல ஜாக்கெட். கீழே வைக்க மாட்டேன் என்கிறான். "எதுக்குடா கண்ணா இது?" என்றேன். "ஊருக்குப் போறப்ப குளிருமே" என்றான். தாத்தா சிரித்துக்கொண்டே, "இதுதானேடா நம்ம ஊரு" என்றார். பையன் பதில் சொல்லவில்லை. அவன் ஊர் என்று சொன்னது நியூ ஜெர்சியை.

இந்த 'ஊர்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் 'வழக்கமான வசிப்பிடம்' என்று ஒரு சொற்றொடர் உண்டு. பக்கம் பக்கமாக அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பையன் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான்.

கதைக்கு வருகிறேன். மகள் டிசம்பர் விடுமுறைக்கு வந்தவர். ஜனவரி 9-ஆம் தேதி திரும்ப டிக்கெட். வந்த இடத்தில் அப்பா அம்மாவிடம் மனசு விட்டுச் சொல்லியிருக்கிறார், அங்கே இருக்க முடியவில்லை என்று. "நீ போக வேண்டாம், இரு" என்றார்கள். எந்தப் பெற்றோரும் அதைத்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை போன் செய்தபோது, "கோபம் தணியட்டும், தை பிறக்கட்டும், பெரியவங்க உட்கார்ந்து பேசலாம்" என்றார்கள்.

தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இப்படித்தானே நடந்திருக்கிறது? சண்டை என்றால் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வருவாள். ஒரு மாதம் போகும், இரண்டு மாதம் போகும். பிறகு மாமனார் வருவார், ஒரு பெரியவர் நடுவில் பேசுவார். சேர்த்து வைப்பார்கள், அல்லது முடித்து வைப்பார்கள். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இது நன்றாகவே வேலை செய்த ஏற்பாடு. அதில் யாரும் கடத்தல் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனால் புகுந்த வீடு நியூ ஜெர்சியில் இருந்தால் இதே காரியத்துக்கு வேறு பெயர். அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மற்றவருடைய உரிமையைத் தடுக்கும் எண்ணத்தோடு குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனாலோ, வெளிநாட்டிலேயே நிறுத்தி வைத்தாலோ மூன்று வருஷம் வரை சிறை. பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம்; அதில் ஏழு வருஷம் வரை.

"நிறுத்தி வைத்தாலோ" என்றேன், கவனித்தீர்களா? கிளம்பும்போது சம்மதம் இருந்தது; கணவரே விமான நிலையத்தில் வந்து வழியனுப்பினார். அது போதாது. ஜனவரி 9 தாண்டிய அன்றே சம்மதம் தீர்ந்துவிடுகிறது.

பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து மின்னஞ்சலில் நோட்டீஸ். பெரியவர் கோபத்தோடு, "அந்த ஊர்க் கோர்ட்டு நம்மை என்ன செய்யும்?" என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார். பதில் போகவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டு, தற்காலிகமாகக் குழந்தை தந்தையிடம் என்று உத்தரவு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார்கள். மஞ்சள் பையில் எல்லாக் காகிதமும் தேதி வாரியாக அடுக்கி இருந்தது. தலைமை ஆசிரியர் அல்லவா? பயன்படுத்தாத அந்த ரிட்டர்ன் டிக்கெட்கூட இருந்தது. பதில் மட்டும் இல்லை.

பெரியவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். சட்டம் பொறுக்காது. திரும்பவும் சொல்கிறேன்: நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சட்டம் பொறுக்காது.

சரி, ஹேக் ஒப்பந்தம். இப்படிக் கொண்டுபோகப்படும் குழந்தைகளுக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு; 1980-இல் உருவானது. பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முறைகேடாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், அதன் ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். ஒரு வருஷம் கடந்தால், குழந்தை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று எதிர்தரப்பு வாதாடலாம். இன்னொன்று, பலர் தப்பாகப் புரிந்துகொள்வது: இந்த ஒப்பந்தம் குழந்தை அம்மாவுக்கா அப்பாவுக்கா என்று சொல்வதே இல்லை. அதை எந்த ஊர் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது.

இலங்கை இதில் 2001-லேயே சேர்ந்து, தனிச் சட்டமும் கொண்டு வந்துவிட்டது. சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது. இந்தியா சேரவில்லை. லண்டனிலிருந்து கொழும்பில் இறங்கினால் ஒரு சட்டம், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் பறந்து சென்னையில் இறங்கினால் வேறு சட்டம். சட்ட ஆணையம் சேரச் சொல்லி 2009-இல் அறிக்கை கொடுத்தது, 2016-இலும் கொடுத்தது. அரசு தயங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓடி வருகிறவர்களில் பலர் அடி தாங்காமல் வருகிற பெண்கள். கணவரின் வேலையை நம்பிய எச்-4 விசாவில் போனவர்கள். விவாகரத்து ஆனால் அந்த விசாவும் போய்விடும். குழந்தையைத் திருப்பி அனுப்பு என்றால், தாய் எங்கே போய் நிற்பாள்? என்னைக் கேட்டால், தக்க பாதுகாப்போடு சேருவதே நல்லது. என் சக வக்கீல்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒப்பந்தம் இல்லாததால் இங்கே எல்லாம் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, வழியாகத்தான். தீர்ப்புகளும் அலைபோல ஏறி இறங்கியிருக்கின்றன. 2009-இல் ஒரு வழக்கு: தாயும் மகனும் எங்கே இருக்கிறார்கள் என்று இரண்டு வருஷம் தெரியவில்லை. கடைசியில் சிபிஐ சென்னையில் கண்டுபிடித்தது. உச்ச நீதிமன்றம் அமெரிக்காவுக்கே திரும்பச் சொன்னது. 2015-இல் நம் கோவை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், பிரிட்டன் நீதிமன்றம் முதலில் உத்தரவு போட்டதற்குப் பெரிய எடை கொடுத்தார்கள். 2017-இல் மூன்று நீதிபதிகள், அப்படியில்லை, வெளிநாட்டு உத்தரவு பல அம்சங்களில் ஒன்றுதான், குழந்தையின் நலனே பெரிது என்றார்கள். தாய்மார் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், தந்தை அமெரிக்காவிலிருந்து அழைத்து வந்த இரண்டு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவானது.

நம் திருச்சிப் பையன்? பதினான்கு மாதம் ஓடியது. கடைசியில் சமரசம். தாய்க்குத் தனி வீடு, ஆறு மாத வாடகை, டிக்கெட், போலீஸ் புகார் கொடுப்பதில்லை என்ற உறுதி, எல்லாவற்றையும் எழுதி வாங்கி, அங்குள்ள நீதிமன்றத்திலும் அதே உத்தரவைப் பெற்ற பிறகுதான் அனுப்பினோம். கிளம்புகிற அன்று அந்த நீல ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டினான். கை இரண்டும் மணிக்கட்டுக்கு மேலே நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். நீளமாகச் சொல்ல எடுத்து வந்ததைச் சுருக்கிவிடுகிறேன்.

பயணத்துக்கு முன்னால்: போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி எழுதி, மற்றவர் கையெழுத்தோடு நோட்டரி முன்னிலையில் ஒரு கடிதம். சுற்றுலாவுக்கும்தான். அடி, மிரட்டல் இருந்தால், அங்கே இருக்கும்போதே போலீசிலும் மருத்துவரிடமும் பதிவு செய்யுங்கள். நான் சொன்ன அமெரிக்கச் சட்டத்திலேயே குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தேன் என்பது ஓர் எதிர்வாதம். ஆனால் நிரூபிக்க வேண்டும். முடிந்தால் கிளம்பும் முன்பே அங்குள்ள நீதிமன்றத்தில் அனுமதி கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் பதில் போடுங்கள்.

குழந்தையைப் பறிகொடுத்து நிற்பவர்கள்: அங்கே உத்தரவு, இங்கே உயர் நீதிமன்றம், இரண்டையும் உடனே. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறம் வீடியோ அழைப்பு. 2020-இல் உச்ச நீதிமன்றம், குழந்தை கையில் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது அதனோடு பேச வேண்டும் என்றது. வழக்கு முடியட்டும் என்று யாரும் அதை நிறுத்தி வைக்காதீர்கள். இங்கே சாயங்காலம் ஐந்தரை மணி என்றால் நியூ ஜெர்சியில் காலைதான். பள்ளிக்கூடம், ஆபீஸ் இரண்டுக்கும் இடைஞ்சல் இல்லை.

பாஸ்போர்ட்டில் ஒரே பெற்றோர் கையெழுத்து பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. நன்றி, வணக்கம்.