திரும்பி வரும் பகைவன்

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

பிரிந்துபோன சூப்பர் ஹீரோக்கள், பழைய பகைவன் மீண்டும் தலைதூக்கியதும் ஒன்றுகூடிப் போரிடும் கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் இந்தக் காமிக்ஸ்களைத் தேடித் தேடி வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். சிறுபிள்ளை விளையாட்டு என்று இவற்றை ஒதுக்க எனக்கு மனம் வராது.

வானொலியில் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கக் காமிக்ஸில் வரும் அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ குழு பிறந்ததே ஒரு வானொலி அழைப்பால்தான். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த முதல் இதழில், லோகி செய்த சூழ்ச்சியால் ஹல்க் மீது பழி விழுகிறது. ஹல்க்கின் இளம் நண்பன் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து, உதவி கேட்டு வானொலியில் அழைக்கிறான். அந்த அழைப்பு தன் சகோதரன் தோரின் காதில் விழும்படி லோகி திசைதிருப்புகிறான். அயர்ன் மேன், ஆன்ட் மேன், வாஸ்ப் ஆகியோருக்கும் அது கேட்டுவிடுகிறது. ஒருவனைச் சிக்கவைக்க விரித்த வலையில் ஒரு குழுவே பிறந்துவிட்டது! அந்த ஒற்றுமை எத்தனை நாள் நிலைத்தது என்கிறீர்கள்? மற்றவர்கள் தன்னை நம்பவில்லை என்ற மனக்கசப்போடு இரண்டாவது இதழிலேயே ஹல்க் வெளியேறிவிடுகிறான். சேர்வதும் முறிவதும் மறுபடி சேர்வதும் தொடக்கம் முதலே இந்தக் கதைகளின் உயிர்மூச்சு.

என் மனத்தை இன்றும் விட்டு அகலாத அவெஞ்சர்ஸ் கதை 1986, 87இல் ஐந்து இதழ்களாக வந்தது. ரோஜர் ஸ்டெர்ன் எழுத, ஜான் புசெமா வரைந்தார். குழுவில் ஒருவரான கேப்டன் அமெரிக்காவின் பரம எதிரி, ‘பாரன்’ என்ற பிரபுப் பட்டம் கொண்ட ஸீமோ, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டான். இப்போது வருபவன் அவன் மகன். தந்தையின் பட்டம், தந்தையின் பகை, தந்தை திரட்டிய கொடியோர் கூட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிறான். அவன் நேருக்கு நேர் மோதுவதில்லை. குழுவின் வீடான மாளிகையில் யார் எப்போது இருப்பார்கள், யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொறுமையாகக் கவனிக்கிறான். அப்போது குழுவுக்குத் தலைமை வகிப்பவள் வாஸ்ப். ஒரு பெண்ணின் கட்டளைக்குப் பணிவதா என்று குழுவின் பலசாலி ஹெர்குலிஸ் முறைத்துக்கொண்டிருக்கிறான். அந்த விரிசலின் வழியாகத்தான் பகைவன் உள்ளே நுழைகிறான். குடித்துவிட்டு வந்த ஹெர்குலிஸ் தலைவியின் சொல்லை மீறித் தனியே பாய்ந்து, அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறான். மாளிகை பறிபோகிறது. பணியாளர் ஜார்விஸ் கொடுமையாகத் தாக்கப்படுகிறார்.

வெளியே எஞ்சி நிற்பவள், விரும்பினால் ஒரு பூச்சியளவுக்குச் சுருங்கிவிடக்கூடிய வாஸ்ப் மட்டுமே. தோர் வருகிறான், ஆன்ட் மேன் வருகிறான். கிடைத்தவர்களைக் கொண்டு அவள் மாளிகையை மீட்கிறாள். உலகை அழிக்கும் ஆயுதங்களும் அண்டங்களைத் தாண்டும் போர்களும் எத்தனையோ கதைகளில் வந்துவிட்டன. அவற்றில் எதுவும் இந்த ஒரு வீட்டை மீட்ட கதைக்கு ஈடாகாது என்பேன். அதற்குக் காரணம் போருக்குப் பின்னே வரும் பக்கங்கள். கட்டிவைக்கப்பட்டிருந்த கேப்டனின் கண்ணெதிரே, அவர் தாயின் பழைய புகைப்படத்தை ஸீமோ கிழித்துப் போட்டிருந்தான். வெற்றிக்குப் பின் அந்த மாவீரர் அதை நினைத்துக் கண்ணீர் விடுகிறார். வீட்டைத் திரும்பக் கட்டலாம், அந்தப் படத்தை என்ன செய்வது? பழைய பகைவனுக்கே எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரியும். புதிதாக வரும் எந்த அரக்கனையும்விட அவன் ஆபத்தானவனாக இருப்பது இதனால்தான்.

தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் நெல்லைச் சீமையை வேராகக் கொண்டவர்கள். அவர்களுக்கு இந்தக் கதையமைப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்காரத்தன்று யானை முகத்தோடு வந்த அசுரன் வீழ்ந்தபின், சிங்க முகம் வருகிறது. பிறகு சூரனே தன் முகத்தோடு வருகிறான். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வீரவாகு முதலான நவவீரர்கள் முருகனுக்குத் துணை நிற்கிறார்கள். போருக்கு முன் வீரவாகு தூது போய், சிறையிலுள்ள தேவர்களை விட்டுவிடும்படி சூரனிடம் கேட்கிறான். திருந்த ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டே வேல் எடுக்கிறார்கள். இறுதியில் மாமரமாய் நின்ற சூரன் பிளவுண்டு மயிலாகவும் சேவலாகவும் வருகிறான், முருகன் அவற்றை வாகனமாகவும் கொடியாகவும் ஏற்றுக்கொள்கிறான்.

பகைவனை ஏற்றுக்கொள்ளும் இந்தத் துணிவு அமெரிக்கக் காமிக்ஸில் எனக்கு அரிதாகவே கிடைத்தது. 1997இல் கர்ட் பியூசியெக் எழுதிய தண்டர்போல்ட்ஸ் என்ற காமிக்ஸ் தொடர் அதைச் செய்தது. அவெஞ்சர்ஸ் மறைந்துவிட்டார்கள் என்று உலகம் நம்பும் வேளையில், புதிய வீரர் குழு ஒன்று மக்களைக் காக்க வருகிறது. முதல் இதழின் இறுதியில்தான் அவர்கள் யாரென்று தெரிகிறது: அதே ஸீமோவும் அவன் கூட்டமும், வேறு முகமூடிகளில். மக்கள் கைதட்டி வாழ்த்த வாழ்த்த, நடிக்க வந்தவர்களில் சிலருக்கு அந்த நல்ல வேடம் பிடித்துப்போகிறது. கூட்டத்தில் ஒருத்தி, சாங்பேர்ட் என்ற பெயரில், உண்மையாகவே வீராங்கனையாகிவிடுகிறாள்.

செம்பூரிலும் தாராவியிலும் சூப்பர் ஹீரோ திரைப்படங்களைப் பார்க்கும் பிள்ளைகளின் பக்கத்தில் பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். யார் அழைத்தவுடன் வந்தார், யார் வர மறுத்தார், ஏன் மறுத்தார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சண்டைக் காட்சியைவிட அதைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும். அப்படியே சூரன் மயிலான கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வணக்கம்.