கீழ இருக்கறவங்க தான் சாம்பியனை முடிவு பண்றாங்க: பிரீமியர் லீக் கடைசி ஆறு வாரம்

வணக்கம் மக்களே. ஏப்ரல் மாசம் பொறந்துட்டா இங்கிலீஷ் ஃபுட்பால் பார்க்கற அத்தனை பேரும் ஒரே வேலையில இறங்கிடுவோம், நம்ம டீமுக்கு மிச்சம் இருக்கற மேட்ச் எல்லாத்தையும் வரிசையா எழுதி வச்சுக்கிட்டு இது 3 பாயின்ட், இதுவும் 3 பாயின்ட், இது அவே மேட்ச், எதிரி கிரவுண்ட்ல, அதனால 1 போதும் அப்படின்னு கூட்டிப் பார்க்கறது. அதுல எதிர்ல வர்ற டீம் டேபிள்ல 18வது, 19வது இடத்துல இருந்தா ஒரு நொடி கூட யோசிக்காம 3 போட்டுருவோம். இன்னிக்கு வீடியோ அந்த 3 பத்தி தான். நிறைய டைட்டில் ரேஸ் பெரிய டீமுங்க மோதிக்கற மேட்ச்ல முடியறதில்ல, உயிருக்குப் போராடற ஒரு சின்ன டீம் கிட்ட மாட்டிக்கிட்டு தான் முடியுது.

விதி எல்லாருக்கும் தெரிஞ்சது தான், வேகமா சொல்லிடறேன். 20 டீம், ஆளுக்கு 38 மேட்ச், ஜெயிச்சா 3 பாயின்ட், டிரான்னா 1. பாயின்ட் சமமா இருந்தா கோல் டிஃபரன்ஸ், அதாவது போட்ட கோல்ல இருந்து வாங்கின கோலைக் கழிச்சது, அதுவும் சமம்னா யார் அதிகமா கோல் போட்டாங்கன்னு பார்ப்பாங்க. கடைசி மூணு டீமும் நேரா சாம்பியன்ஷிப்புக்கு, அதாவது இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கிடும், இதைத் தான் ரெலிகேஷன்னு சொல்றது. கடைசி நாள் பத்து மேட்சும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கும், பெரும்பாலும் நமக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணி, ஏன்னா இன்னொரு கிரவுண்ட்ல என்ன ஆச்சுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு யாரும் ஆடக் கூடாது.

(திரையில்: 2012 ஏப்ரல் 8, டேபிள். மான்செஸ்டர் யுனைடெட் 79, மான்செஸ்டர் சிட்டி 71)

2011-12 சீசனையே எடுத்துக்குவோம், இதுல மேலயும் கீழயும் எப்படி பின்னிக் கிடக்குதுன்னு தெளிவா தெரியும். ஏப்ரல் 8 அன்னிக்கு சிட்டி எமிரேட்ஸ்ல ஆர்சனல் கிட்ட 1-0 தோத்துட்டாங்க. யுனைடெட் 8 பாயின்ட் முன்னாடி, மிச்சம் ஆறே மேட்ச். யுனைடெட் ரசிகர்கள் ஃபிக்ஸர் லிஸ்டை எடுத்து வச்சு கூட்டினாங்க, அதுல முதல் மேட்ச் விகன்ல. விகன் அதுவரைக்கும் லீக்ல யுனைடெட்டை ஒரு தடவை கூட ஜெயிச்சதில்ல, அந்த சீசன்ல பெரும்பாலான நாள் ரெலிகேஷன் இடத்துலயே கிடந்த டீம். யோசிக்க என்ன இருக்கு, 3 பாயின்ட்.

ஏப்ரல் 11, ஷான் மலோனி ஒரு கோல், விகன் 1-0.

இதை அதிர்ஷ்டம்னு விட்டுட முடியாது. மார்ச் கடைசியில ஆரம்பிச்சு அவங்க ஆடின கடைசி 9 மேட்சை மட்டும் பாருங்க. ஆன்ஃபீல்டுல லிவர்பூலை 2-1, யுனைடெட்டை 1-0, எமிரேட்ஸ்ல ஆர்சனலை 2-1, அந்த வருஷம் அஞ்சாவதா முடிச்ச நியூகாசிலை 4-0. ஒன்பதுல ஏழு ஜெயிச்சு 43 பாயின்ட்டோட 15வது இடத்துல போய் உக்காந்தாங்க. மேனேஜர் ரொபெர்டோ மார்டினெஸ் பின்னாடி மூணு டிஃபென்டர் வச்சு ஆடற முறைக்கு மாறினாரு, அது அந்த நேரத்துல லீக்ல அபூர்வம், பெரிய டீமுங்களுக்கு அதை எப்படி எதிர்கொள்றதுன்னு கொஞ்ச நாளைக்குப் புரியவே இல்ல. ஆக ஏப்ரல்ல யுனைடெட் எதிர்ல நின்ன விகன் வேற, டிசம்பர்ல டேபிள்ல நாம பார்த்த விகன் வேற. டேபிள் எப்பவும் ஆகஸ்ட்ல இருந்து நடந்ததைத் தான் காட்டும், இந்த வாரம் அந்த டீம் எப்படி இருக்குன்னு காட்டாது. கூட்டல் போடும்போது நாம கோட்டை விடறது இங்க தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. பத்தாவது, பன்னெண்டாவது இடத்துல இருக்கற டீமுக்கு மே மாசத்துல பெருசா எதுவும் பாக்கி இல்ல, ஜெயிச்சாலும் தோத்தாலும் அடுத்த வருஷமும் இதே லீக் தான். இங்கிலாந்து ரசிகர்கள் அப்படிப்பட்ட டீமைப் பார்த்து இவங்க ஏற்கனவே பீச்சுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க. கீழ 17, 18ல இருக்கறவங்களுக்கு அப்படி இல்ல, ஒரு டிரா கூட வேலை பாக்கறவங்க சம்பளத்துல இருந்து அடுத்த வருஷ பட்ஜெட் வரைக்கும் மாத்திடும். சில டீம் அந்த பாரத்துல உடைஞ்சு போயிடும், அதையும் சொல்லணும், 2005ல நார்விச் கடைசி நாள் ஜெயிச்சா தப்பிக்கலாம்னு ஃபுல்ஹம் போயி 6-0 வாங்கிட்டு வந்தாங்க. ஆனா உடையாத டீம் கிட்ட மாட்டினா எவ்ளோ பெரிய டீமா இருந்தாலும் மூச்சு முட்டிரும்.

சரி, 2012க்கே வருவோம். விகன் கிட்ட தோத்த யுனைடெட் அப்புறம் ஏப்ரல் 22 எவர்டன் கூட 83வது நிமிஷம் வரைக்கும் 4-2 லீட்ல இருந்து 4-4ல முடிச்சாங்க. ஏப்ரல் 30 சிட்டியோட எத்திஹாட் கிரவுண்ட்ல இதே ரெண்டு டீமும் மோதினாங்க, சிட்டி கேப்டன் கொம்பனி தலையால முட்டின கோல், சிட்டி 1-0. ரெண்டு பேரும் 83 பாயின்ட். எட்டு பாயின்ட் லீட் மூணே வாரத்துல காலி. எவர்டன் மேட்சைப் பத்தி இன்னிக்கும் பேசறாங்க, விகனைப் பத்திப் பேசறது கம்மி, ஆனா கதவைத் திறந்து விட்டது விகன் தான்னு நான் நினைக்கறேன்.

(திரையில்: 2012 மே 13, கடைசி நாள். சிட்டி 86, யுனைடெட் 86)

கடைசி நாள் சிட்டிக்கு எதிர்ல யாரு? க்யூ.பி.ஆர், அதாவது குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். 17வது இடம், 37 பாயின்ட். மறுபடியும் எல்லாரும் 3 போட்டாங்க, ஏன்னா சிட்டி அந்த சீசன்ல சொந்த கிரவுண்ட்ல தோக்கவே இல்ல. ஆனா க்யூ.பி.ஆர் லண்டன்ல ஆடின கடைசி அஞ்சு ஹோம் மேட்ச்ல லிவர்பூல், ஆர்சனல், ஸ்வான்சி, டாட்டன்ஹம், ஸ்டோக் அஞ்சு பேரையும் ஜெயிச்சிருந்தாங்க. மேனேஜர் மார்க் ஹியூஸ், சிட்டில இருந்து வேலையை விட்டு அனுப்பப்பட்டவரு.

இங்க தான் ரெண்டு ரேஸும் ஒரே கிரவுண்ட்ல வந்து நிக்குது. 18வது இடத்துல போல்டன், 35 பாயின்ட், அவங்க ஸ்டோக்ல ஜெயிச்சா 38 ஆயிடும், க்யூ.பி.ஆர் தோத்தா காலி. சபலெட்டா கோல் போட்டாரு, சிட்டி 1-0. இரண்டாவது பாதி ஆரம்பத்துலயே சிஸ்ஸே சமன் பண்ணாரு. க்யூ.பி.ஆரோட ஜோயி பார்ட்டன் ரெட் கார்டு வாங்கி வெளிய போனாரு, பத்து பேரோட ஆடற டீம் 66வது நிமிஷத்துல ஜேமி மேக்கி மூலமா 2-1 லீட் எடுக்குது. அங்க ஸ்டோக்ல போல்டன் 2-1 லீட், 77வது நிமிஷத்துல ஸ்டோக்கோட வால்டர்ஸ் பெனால்டி போட்டு 2-2. அந்த பெனால்டி உள்ள போனதால தான் க்யூ.பி.ஆர் தோத்தாலும் பரவாயில்லங்கற நிலைமை வந்துச்சு.

ஸ்டாப்பேஜ் டைம்ல, அதாவது 90 நிமிஷத்துக்கு மேல குடுக்கற நேரத்துல, சிட்டியோட ஜெக்கோ தலையால 2-2. கொஞ்ச நேரத்துல ஸ்டோக் மேட்ச் முடிஞ்சு போல்டன் கதை முடிஞ்சதுன்னு செய்தி வருது. 93 நிமிஷம் 20 செகண்ட்ல அகுவேரோ கோல், சிட்டி 3-2, சாம்பியன். அந்தப் பக்கம் சண்டர்லேண்ட்ல 1-0 ஜெயிச்சு முடிச்சு கிரவுண்ட்லயே நின்னுக்கிட்டு இருந்த யுனைடெட் ஆளுங்களுக்கு அப்ப தான் தெரியுது. க்யூ.பி.ஆர் கடைசியில விட்டுக் கொடுத்துட்டாங்கன்னு சில பேர் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, கிட்டத்தட்ட நாப்பது நிமிஷம் தன்னோட பெனால்டி ஏரியாவுக்குள்ளயே பத்து பேர் நின்னு தடுத்துக்கிட்டு இருந்த கால்கள் அவ்ளோ தான் தாங்கும்.

இப்ப கோல் டிஃபரன்ஸ். ரெண்டு பேரும் 89 பாயின்ட். சிட்டி 93 கோல் போட்டு 29 வாங்கினாங்க, +64. யுனைடெட் 89 போட்டு 33 வாங்கினாங்க, +56. அந்த சீசன் அக்டோபர் 23 யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்டுல சிட்டி அவங்களை 6-1 ஜெயிச்சாங்க ஞாபகம் இருக்கா? கடைசி நிமிஷங்கள்ல மட்டும் மூணு கோல் விழுந்துச்சு, பத்து பேரா சுருங்கியும் யுனைடெட் தாக்கி ஆடப் போனதுல. அந்த மேட்சை மட்டும் 1-0ன்னு மாத்திப் பாருங்க, சிட்டி தான் ஜெயிச்சாங்கன்னே வச்சுக்குங்க. சிட்டி 88 போட்டு 28 வாங்கியிருப்பாங்க, யுனைடெட்டும் 88 போட்டு 28 வாங்கியிருப்பாங்க. பாயின்ட் சமம், டிஃபரன்ஸ் சமம், போட்ட கோலும் சமம். அன்னிக்கு இருந்த விதிப்படி பொதுவான கிரவுண்ட்ல பிளே ஆஃப் மேட்ச் வச்சிருப்பாங்க. பேப்பர்ல போட்டுப் பார்த்தா உடம்பு சிலிர்க்குது எனக்கு. கோல் டிஃபரன்ஸ் கூட ஒரு பாயின்ட் மாதிரின்னு பழைய ரசிகர்கள் சொல்றது சும்மா இல்ல.

ஆனா அதைத் துரத்தறதும் ஆபத்து. 2014 மே 5, லிவர்பூல் செல்ஹர்ஸ்ட் பார்க்ல கிரிஸ்டல் பேலஸ் கூட 3-0 லீட். சிட்டியோட டிஃபரன்ஸை எட்டிப் பிடிக்க இன்னும் கோல் வேணும்னு மொத்த டீமும் முன்னாடி போச்சு, கடைசி பத்து சொச்சம் நிமிஷத்துல மூணு வாங்கி 3-3. பேலஸ் அப்ப ஏற்கனவே தப்பிச்சிருந்த டீம், அதனால என் வாதத்துக்கு இது எதிர் உதாரணம் தான், அதையும் சொல்லிடறேன்.

கீழ் பக்கம் நடக்கற கணக்கு இன்னும் கொடுமை. 40 பாயின்ட் எடுத்தா தப்பிச்சோம்னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா இருக்கு. 2002-03ல வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கினாங்க. 2004-05ல வெஸ்ட் பிராம் வெறும் 34 எடுத்து தப்பிச்சாங்க. அந்த கடைசி நாள், 2005 மே 15, எனக்குத் தெரிஞ்சு பிரீமியர் லீக்ல அப்படி ஒரு நாள் கிடையாது. ஒரு டீம் கூட இன்னும் இறங்கல, நாலு டீம், ஒரே ஒரு இடம். நார்விச் 33, சவுதாம்ப்டன் 32, பேலஸ் 32, கிறிஸ்துமஸ் அன்னிக்கு கடைசி இடத்துல இருந்த வெஸ்ட் பிராம் 31. பேலஸ் சார்ல்டன்ல 82வது நிமிஷம் வரைக்கும் 2-1 லீட், அப்படியே முடிஞ்சிருந்தா அவங்க தான் உள்ள, சார்ல்டனோட ஃபார்ச்சூன் ஒரு கோல் போட்டு சமன் பண்ணிட்டாரு. வெஸ்ட் பிராம் போர்ட்ஸ்மவுத்தை 2-0. தோத்த போர்ட்ஸ்மவுத் ரசிகர்களே கொண்டாடினாங்க, ஏன்னா அந்த முடிவு அவங்க பரம எதிரி சவுதாம்ப்டனைக் கீழ தள்ளுது.

செல்ஃபோன்ல லைவ் டேபிள் இல்லாத காலத்துல தப்பான தகவல் ஒரு டீமையே கவுத்திருக்கு. 1996 மே 5, மெயின் ரோடு கிரவுண்ட், இதே மான்செஸ்டர் சிட்டி. லிவர்பூல் கூட 0-2ல இருந்து 2-2 வந்துட்டாங்க. டிரா போதும்னு பெஞ்ச்ல இருந்து சொல்ல, ஸ்டீவ் லோமாஸ் பந்தைக் கார்னர் பக்கம் கொண்டு போய் நேரத்தைக் கடத்தறாரு. ஏற்கனவே மாத்தி வெளிய வந்திருந்த நயல் க்வின் உண்மை தெரிஞ்சு டச்லைனுக்கு ஓடி வந்து, இல்ல, இன்னொரு கோல் வேணும்னு கத்தறாரு. கோல் வரல. சிட்டி, கவென்ட்ரி, சவுதாம்ப்டன் மூணு பேரும் 38 பாயின்ட், கோல் டிஃபரன்ஸ்ல சிட்டி மட்டும் இறங்கினாங்க.

இப்ப என்னைக் கவலைப்பட வைக்கறது வேற. 2023-24ல சாம்பியன்ஷிப்ல இருந்து மேல வந்த மூணு டீமும், லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட், அதே வருஷம் இறங்கினாங்க. 2024-25ல லெஸ்டர், இப்ஸ்விச், சவுதாம்ப்டன், மறுபடி மூணும். முதல் வருஷம் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கு 4 பாயின்ட் வெட்டியும் 32 எடுத்து தப்பிச்சாங்க, எவர்டனுக்கு மொத்தம் 8 வெட்டியும் அவங்களைத் தொட முடியல. ரெண்டாவது வருஷம் சவுதாம்ப்டன் ஏழு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே போயிட்டாங்க, இதுக்கு முன்னாடி அவ்ளோ சீக்கிரம் யாரும் இறங்கினதில்ல. ரெண்டு டிவிஷனுக்கும் நடுவுல டிவி பணத்துல இருக்கற இடைவெளி தான் பெரிய காரணம். இறங்கற டீமுக்கு பாராசூட் பணம்னு அந்த டிவி பங்குல முதல் வருஷம் 55 சதவீதம், அடுத்த வருஷம் 45 கிடைக்கும், அதனால லெஸ்டர், சவுதாம்ப்டன் மாதிரி டீமுங்க 2023ல இறங்கி 2024ல ஏறி 2025ல திரும்ப இறங்கறாங்க. மேல நிலைச்சு நிக்கறதுக்கு அந்தப் பணம் பத்தாது, கீழ மத்தவங்களை அமுக்கறதுக்கு மட்டும் போதும்.

கீழ சண்டை செத்துப் போனா அது கீழயோட நிக்காது. 2025 ஏப்ரல் 26 இப்ஸ்விச் இறங்கினதோட மூணு இடமும் முடிஞ்சு போச்சு. மறுநாளே லிவர்பூல் ஆன்ஃபீல்டுல டாட்டன்ஹமை 5-1 அடிச்சு நாலு மேட்ச் மிச்சம் வச்சு சாம்பியன். அன்னிக்கு டாட்டன்ஹம் 16வது இடம். ரெண்டாவது இடத்துல இருந்த ஆர்சனலோட ரசிகர்கள் அந்த மாசம் ஃபிக்ஸர் லிஸ்டைப் புரட்டி, லிவர்பூலைத் தடுக்க விகன் மாதிரி ஒரு டீம் எங்க இருக்குன்னு தேடியிருந்தா ஒண்ணு கூட கிடைச்சிருக்காது. டாட்டன்ஹம் லீக்ல பசங்களை மாத்தி மாத்தி ஆட வச்சு, முழு பலத்தையும் ஐரோப்பிய டீமுங்க மோதற யூரோப்பா லீக்குக்கு சேர்த்து வச்சு, மே 21 பில்பாவோல கப்பும் தூக்கினாங்க. அவங்க ரசிகர்களுக்கு அது 17 வருஷக் காத்திருப்பு, அந்த சந்தோஷத்துல நானும் கலந்துக்கறேன். ஆனா லீக்ல அவங்க முடிச்சது 17வது இடம், 38 பாயின்ட். 1996ல சிட்டியையும், 2007ல ஷெஃபீல்டு யுனைடெட்டையும் கீழ அனுப்பின அதே 38.