இன்சுலினை எங்கே வைப்பது?

அனைவருக்கும் வணக்கம். நம் கூட்டத்தில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி உண்டு, முன்னுரை தேவையில்லை. வாசலில் காபி கொடுத்தபோது எத்தனை பேர் "எனக்குச் சீனி வேண்டாம்" என்றீர்கள் என்பதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஆனால் ஐம்பது வயதில் நமக்கு வருகிற சர்க்கரையை இன்று விட்டுவிடுவோம். நாம் குடியேறி வாழும் இந்த ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினெட்டு வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு வருகிறதே, அதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

டார்வினில் உள்ள மென்சீஸ் சுகாதார ஆய்வு நிறுவனத்தார் நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. வட ஆஸ்திரேலியாவில் 25 வயதுக்கு உட்பட்ட பூர்வகுடியினரில் ஆயிரத்துக்கு 6.7 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆயிரத்துக்கு ஏழு பேர்தானே என்று தோன்றலாம். கைக்குழந்தைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்த கணக்கு அது. உலகில் இந்த வயதினரிடம் பதிவான மிக அதிகமான அளவுகளில் ஒன்று.

இளம் வயதில் வந்தால் நோய் நிதானமாக நடக்காது, ஓடும். அமெரிக்காவில் இளம் வயதிலேயே இந்த நோய் வந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி 26 வயதை எட்டியபோது, நூற்றுக்கு 60 பேருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்றிலாவது பாதிப்பு வந்திருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அது போதவில்லை. இருபத்தாறு என்பது நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு சூடு பிடிக்கிற வயது.

இதையெல்லாம் கேட்டதும் நம்மவர்கள் முதலில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "வாயைக் கட்டணும்." சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 1982இல் கெரின் ஓடே என்ற ஆய்வாளர் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையான மேற்கு கிம்பர்லியில் டெர்பி என்ற ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்த, நீரிழிவுள்ள நடுவயதுப் பூர்வகுடியினர் பத்துப் பேருடன் அவர்களுடைய சொந்த மண்ணுக்குப் போனார். ஏழு வாரம் அங்கே வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தார்கள். கங்காரு, ஆற்று மீன், காட்டுக் கிழங்கு, தேன். திரும்பி வந்தபோது சராசரியாக எட்டுக் கிலோ குறைந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 11.6இலிருந்து 6.6க்கு இறங்கியிருந்தது, நம் ஊர்க் கணக்கில் 209இலிருந்து 119. அந்த ஏழு வாரத்தில் அவர்கள் யாரும் புதிதாக மன உறுதி வாங்கி வரவில்லை. இடம் மாறியது, தட்டு மாறியது, அவ்வளவுதான்.

அந்தத் தட்டை முதலில் மாற்றியது யார்? கிறிஸ்தவ மிஷன் குடியிருப்புகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் பூர்வகுடியினருக்குப் பல தலைமுறைகளுக்குக் கூலிக்குப் பதிலாக மாவும் சீனியும் தேயிலையும் அளந்து கொடுத்தார்கள். 1966இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரின்ஜி என்ற பூர்வகுடி மக்கள், தாங்கள் வேலை செய்த வேவ் ஹில் மாட்டுப் பண்ணையை விட்டு வெளியேறினார்களே, அந்தப் போராட்டத்துக்குப் பின்னாலும் இந்த ரேஷன் வாழ்க்கைதான் இருந்தது. இன்றைக்கும் தொலைவிலுள்ள ஓர் ஊருக்கு ஒரே ஒரு கடை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் வந்த கீரை வாடிக் கிடக்கும், விலையோ கையைக் கடிக்கும். 2018இல் இப்படிப்பட்ட இருபது கடைகளில் ஒரு சோதனை நடந்தது. மூன்று மாதம் சில கடைகள் இனிப்புப் பானங்களைக் கண்ணில் படும் இடத்திலிருந்து அகற்றின, சலுகை விலையை நிறுத்தின. விற்பனையான சர்க்கரையின் அளவு குறைந்தது, கடைகளின் வியாபாரம் படுக்கவில்லை. யாருக்கும் யாரும் புத்தி சொல்லவில்லை.

இப்போது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டார். திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அவள் வீட்டில் பத்துப் பேர், ஒரே ஃபிரிட்ஜ். மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டரில் ஓடுகிறது; பணம் தீர்ந்தால் விளக்கோடு ஃபிரிட்ஜும் நின்றுவிடும். வட பிரதேசத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) தொலைவான ஊர்களில் 2018–19இல் கணக்கெடுத்தபோது, முன்பண மீட்டர் வீடுகளில் நூற்றுக்கு 91 வீடுகளில் ஒரு முறையாவது இப்படி மின்சாரம் நின்றிருக்கிறது. 74 வீடுகளில் பத்து முறைக்கு மேல். கடும் வெயில் நாட்களில் இது இன்னும் கூடும். அந்த வீட்டில் இருந்துகொண்டு அவள் மருந்தைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

அப்புறம் சாவு வீடுகள். அங்கே 'சாரி பிசினஸ்' என்பார்கள். உறவில் ஒருவர் இறந்தால் குடும்பமே கிளம்பி வேறு ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்கும். போகாமல் இருக்க முடியாது. நம் கிராமத்தில் பங்காளி வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருந்து பாருங்கள், தெரியும். மாத்திரை இங்கே, பிள்ளை அங்கே. புதிய ஊர்க் கிளினிக்கில் போய்க் கேட்கக் கூச்சம். கால்பந்து மைதானத்தில் தோழிகள் முன்னால் சட்டையைத் தூக்கி ஊசி போட அதைவிடக் கூச்சம். இது கிழவர்கள் நோய் என்று மற்றப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இவளோ பாட்டி டயாலிசிஸில் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவள். பாட்டிக்கு வந்தது, அம்மாவுக்கு வந்தது, எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறாள். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்கிற விதம் தவறினால், அந்தத் தாய் மறுபடி கிளினிக் வாசலை மிதிக்க மாட்டாள்.

பாட்டியின் டயாலிசிஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேற்குப் பாலைவனத்தில் கின்டோர் என்றொரு ஊர். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஊரை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்க் கிடந்து அங்கேயே இறந்தார்கள். ஊரிலேயே டயாலிசிஸ் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டு அலுத்த அந்த ஊர்ப் பின்டுபி மக்கள் ஓவியம் வரைந்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஏலம் விட்டதில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. 'பர்ப்பிள் ஹவுஸ்' என்று இன்று அழைக்கப்படும் அந்த அமைப்பை நடத்துவது அவர்களே. வழி என்னவென்று அந்த மக்களுக்குத் தெரியும். அவர்களிடம் இல்லாதது பணமும் அதிகாரமும்தான்.

இளைஞர்கள் விஷயத்திலும் அப்படித்தான். கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சருக்கு முதல் வகை நோயாளிகளுக்கு 2022இலிருந்து எல்லா வயதிலும் மானியம் கிடைக்கிறது. அப்போது இரண்டாம் வகைக்காரர்களுக்கு அது நீளவில்லை. 2024இல் நாடாளுமன்றக் குழு ஒன்று மானியத்தை விரிவாக்கவும், இனிப்புப் பானங்களுக்கு வரி போடவும் பரிந்துரைத்தது. உங்கள் தொகுதி உறுப்பினர் பொங்கல் விழாவுக்கு வந்து சால்வை போட்டுக்கொண்டு போகிறார் அல்லவா, அடுத்த முறை வரும்போது அந்தப் பரிந்துரை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். என் பேச்சு இத்தோடு முடிகிறது. கேள்வி இருப்பவர்கள் கை தூக்கலாம்.