எந்த வேரியன்ட்டை புக் செய்வது?

நேயர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக்கில் பல வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சொந்தக்காரர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் முன்பெல்லாம் "எந்த வண்டி வாங்கலாம்?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "சார், மின்சார எஸ்யூவி என்று முடிவு செய்தாச்சு. எந்த வேரியன்ட்டை புக் செய்யட்டும்?" என்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரே வண்டியை நாலைந்து விலையில் விற்கிறார்கள். அடியில் இருப்பது பேஸ் மாடல், உச்சியில் இருப்பது டாப் எண்ட், நடுவில் இரண்டு மூன்று. இதில் ஒவ்வொன்றும் ஒரு வேரியன்ட். மாருதி 800 ஓடிய காலத்தில் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தோம். ஏசி இல்லாத வண்டியை வாங்குவோம். இரண்டு வருடம் கழித்துக் கையில் பணம் வந்ததும் வெளியே கொடுத்து ஏசி மாட்டிக்கொள்வோம். பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், பாட்டுக் கருவி எல்லாமே அப்படித்தான். கம்பெனி தராததை மெக்கானிக் தருவார்.

அந்தப் பழக்கத்திலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளலாம். எதைப் பின்னால் மாட்ட முடியும், எதை மாட்ட முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சீட் கவர், டேஷ் கேமரா, டயர் காற்றழுத்தம் காட்டும் கருவி, அலாய் வீல் இவையெல்லாம் பின்னால் வரும். பேட்டரி வராது. வண்டியின் தரைக்கு அடியில் அதன் உடம்போடு சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். சின்ன பேட்டரி வண்டியை வாங்கிவிட்டு, மூன்று வருடம் கழித்துப் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே காசை முதலில் பேட்டரிக்குக் கொடுங்கள், மிச்சம் இருந்தால் வசதிக்குக் கொடுங்கள். இந்த வரிசையை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ என்ற இரண்டு வண்டிகளையும் 2024 நவம்பர் 26 அன்று சென்னையில்தான் அறிமுகம் செய்தார்கள். இவற்றின் பேட்டரி 59 கிலோவாட் மணி, 79 கிலோவாட் மணி என்று இரண்டு அளவு. கிலோவாட் மணி என்றதும் மிரள வேண்டாம். ஈ.பி. கார்டில் எழுதுகிறார்களே, அதே யூனிட்தான். 59 யூனிட் பிடிக்கும் பேட்டரி, 79 யூனிட் பிடிக்கும் பேட்டரி, அவ்வளவுதான்.

வேரியன்ட்டுகளுக்கு பேக் ஒன், டூ, த்ரீ என்று பெயர். அறிமுகத்தின்போது பிஇ 6 ஆரம்ப விலை 18 லட்சத்து 90 ஆயிரம், பேக் த்ரீ 26 லட்சத்து 90 ஆயிரம். தொடக்கத்தில் 79 யூனிட் பேட்டரி பேக் த்ரீயில் மட்டும்தான் இருந்தது. அதாவது பெரிய பேட்டரி வேண்டும் என்றால், தானாக பார்க்கிங் செய்யும் வசதியையும், முன்கண்ணாடியில் விவரங்கள் மிதந்து தெரியும் வசதியையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். டெலிவரியும் பேக் த்ரீக்கு மார்ச் மாதமே தொடங்கும், பேக் டூவுக்கு ஜூலை, பேக் ஒன்னுக்கு ஆகஸ்ட் என்று அறிவித்தார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று புக்கிங் திறந்தார்கள். முதல் நாளே 30,179 பேர் புக் செய்தார்கள். அதில் 73 சதவீதம் பேக் த்ரீ!

அந்தக் கூட்டத்தில் என் மாப்பிள்ளையும் சேர இருந்தார். திருச்சியில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி. "மாமா, பெரிய பேட்டரி அதில்தான் இருக்கிறது, வண்டியும் சீக்கிரம் வந்துவிடும், பேக் த்ரீயே போட்டுவிடுகிறேன்" என்றார். நான் அவரிடம், "மாப்பிள்ளை, உங்கள் பழைய காரின் ஃபாஸ்டேக் கணக்கு ஒரு வருடத்துக்கு எடுக்க முடியுமா?" என்று கேட்டேன். எதற்கு என்று என் மகளுக்கும் புரியவில்லை.

எடுத்துப் பார்த்தோம். நம் ஞாபகம் பொய் சொல்லும், டோல்கேட் சொல்லாது. "நாங்கள் மாதம் ஒரு தடவை ஊருக்குப் போகிறோம்" என்பது மகள் வாக்கு. கணக்கில் இருந்ததோ திருநெல்வேலிக்கு ஆறு, சென்னைக்கு இரண்டு, கொடைக்கானலுக்கு ஒன்று. ஆக, வருடத்துக்கு ஒன்பது பயணம். மற்ற நாளெல்லாம் வீடு, அலுவலகம், பிள்ளையின் பள்ளி. தினம் 30 கிலோமீட்டர் தாண்டவில்லை.

அடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கம்பெனி சொல்லும் தூரம் சோதனைக் கூடத்தில் எடுத்தது. பிஇ 6 பெரிய பேட்டரிக்கு 682 கிலோமீட்டர் என்று சொன்னார்கள். நம் நாலுவழிச் சாலையில் 100 வேகத்தில், ஏசி போட்டு, குடும்பத்தோடு போகும்போது அது வராது. இந்த அளவு வண்டிக்கு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று நான் வைத்துக்கொள்வேன். 59 யூனிட் என்றால் 350 சொச்சம். 15 சதவீதம் மிச்சம் வைத்துத்தான் ஊர் போய்ச் சேர வேண்டும், ஆகவே கையில் இருப்பது 300. திருச்சியிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 300. மதுரையில் டீ குடிக்க எப்படியும் நிறுத்துவார்கள், அந்தக் கால் மணி நேரத்தில் சார்ஜ் போட்டால் போதும். வருடத்துக்கு ஒன்பது பயணத்துக்கு 59 தாராளம் என்பது என் கட்சி.

திருநெல்வேலியில் சம்பந்தியம்மா வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அது பழைய ஒயரிங் வீடு, எர்த் சரியில்லை. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். நேயர்களே, ஊர் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் புக்கிங்குக்கு முன்னாலேயே எலக்ட்ரீஷியனை அனுப்பி எர்த் பார்த்துவிடுங்கள். புது எர்த் குழி போட்டு, தனியாக ஒரு 15 ஆம்பியர் லைன் இழுக்க ஆகும் செலவு, வேரியன்ட் மாறுவதால் ஏறும் லட்சங்களுக்குப் பக்கத்தில்கூட வராது.

மாப்பிள்ளை பிப்ரவரியில் புக் செய்யவில்லை, காத்திருந்தார். ஜூலையில், 79 யூனிட் பேட்டரியைப் பேக் டூவிலும் கொண்டுவந்தார்கள். அப்போது பிஇ 6 விலை 23 லட்சத்து 50 ஆயிரம். பேக் த்ரீயைவிட 3 லட்சத்து 40 ஆயிரம் குறைவு, பேட்டரி அதே பேட்டரி! இந்த 3 லட்சத்து 40 ஆயிரத்தையும் கடனில் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதத் தவணையே 5,400 ரூபாயைத் தாண்டும். கட்டி முடிக்கும்போது 4 லட்சத்து 60 ஆயிரத்தைத் தொடும். அவர் பேக் டூவில் 79 எடுத்தார். 59 போதும் என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. ஆனால் நான் வருத்தப்படவில்லை. பேக் டூவிலேயே 59 யூனிட் வண்டியைவிடக் கூடுதலாகக் கொடுத்த 1 லட்சத்து 60 ஆயிரமும் பின்னால் மாட்ட முடியாத பொருளுக்குத்தான் போயிருக்கிறது. வழியில் நிறுத்தாமல் பெற்றோரை ஊரில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று நினைக்கிறார், அது நியாயமான ஆசை.

எல்லா வண்டியிலும் பேட்டரியை உச்சி மாடலோடு கட்டிப்போடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கில் பேட்டரி 42 யூனிட், 51.4 யூனிட் என்று இரண்டு அளவு. 2025 ஜனவரியில் வந்தபோதே பெரிய பேட்டரியை நடுவில் இருக்கும் ஸ்மார்ட் ஓ மாடலிலும் கொடுத்தார்கள். டாப் எண்டுக்கும் அதற்கும் அப்போது இரண்டு லட்சம் அளவில் வித்தியாசம் இருந்தது. ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. ஆகவே விலைப்பட்டியலைக் கையில் வாங்கியதும் மேலிருந்து கீழே படிக்காதீர்கள். நமக்கு வேண்டிய பேட்டரி எந்த மாடலில் முதலில் தொடங்குகிறது என்று பார்த்து, அங்கே விரலை வையுங்கள். அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு படிக்கும் என்ன தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

இன்னொன்று, எந்த ஷோரூமுக்குப் போனாலும் ஓட்டிப் பார்க்கத் தருவது பெரும்பாலும் டாப் எண்ட் வண்டியைத்தான். கண்ணாடிக் கூரை, காற்று வரும் சீட் எல்லாம் பார்த்து மனசு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நாம் புக் செய்யப்போகும் வேரியன்ட் எந்தக் கிளையில் நிற்கிறது என்று விசாரித்து, கொஞ்சம் தூரமானாலும் போய் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். பேட்டரி அடியில் இருப்பதால் சில மின்சார வண்டிகளில் தரை உயர்ந்து, முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். அது எந்த வேரியன்ட் எடுத்தாலும் மாறாது.

அப்புறம் வீட்டுச் சார்ஜர். இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மஹிந்திரா விலையில் சார்ஜர் சேரவில்லை. 7.2 கிலோவாட் சார்ஜர் 50,000, 11.2 கிலோவாட் 75,000 என்று தனியாகப் போட்டார்கள். 11.2 சார்ஜருக்கு வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் ஏழு யூனிட்தான் செலவு. 7.2 சார்ஜரில் ஒரு மணி நேர வேலை. ஆகவே பெரிய சார்ஜர் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஈ.பி. கார்டில் அனுமதித்த மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். போதாது என்றால் விண்ணப்பத்தை வண்டி வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு புக் செய்யுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வரி. வேரியன்ட் விலை ஏற ஏற பிரீமியமும் ஏறும், ஒவ்வொரு வருடமும். ஆகவே எக்ஸ் ஷோரூம் விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு வேரியன்ட்டுக்கும் வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுவிற்பனை பற்றியும் பேச இருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி, வணக்கம்.