மலையூருக்கு வேண்டியது நம்மைத் தெரிந்த டாக்டர்

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். பழனி மலைக் கிராமங்களில், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் நான். மலை மக்களின் உடல்நலம் பற்றிப் பேசுங்கள், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று நிலையத்தில் சொன்னார்கள். எனக்கு ரொம்ப வருஷமாக மனதில் கிடப்பது ஒரே விஷயம்தான், அதைத்தான் பேசப்போகிறேன். ஊருக்கு ஒரு டாக்டர் வேண்டும். அவருக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும். வந்தவர் சீக்கிரம் போய்விடாமல் பல வருஷம் இருக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

கிராம சபையில் பார்த்திருப்பீர்கள், ஆஸ்பத்திரி பற்றிப் பேச்சு வந்தால் பெரிய கட்டடம் வேண்டும், ஸ்கேன் வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் வேண்டும் என்றுதான் கேட்போம். அதில் தப்பே இல்லை. சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி மிளகு பறிக்க ஏறியவர் மேலிருந்து விழுந்தால் பெரியாஸ்பத்திரிதான் போக வேண்டும். ரோடு இல்லாத மலை ஊரிலிருந்து டோலி கட்டித் தூக்கி வரும் சனங்களுக்கு ரோடும் வேண்டும், ஆம்புலன்ஸும் வேண்டும். ஆனால் வருஷம் முழுக்க நம்மைப் படுத்துவது எது? மழை, பனி என்றால் வரும் இளைப்பு, விறகடுப்புப் புகையில் வரும் இருமல், பி.பி., சர்க்கரை, முழங்கால் வலி, பிள்ளைக்குக் காய்ச்சல், ரத்தசோகை, மனசு சரியில்லாமல் தூக்கம் கெடுவது. பத்தில் எட்டு ஒன்பது இந்த ரகம்தான், இதற்கெல்லாம் மலையை விட்டு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் இறங்குகிறோம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டு, அங்கே சரிப்படவில்லை என்றால் திண்டுக்கல், அதற்கப்புறம் மதுரை. நோயாளிக்கு ஒரு நாள் கூலி போச்சு, துணைக்குப் போனவருக்கும் போச்சு, கடைசி பஸ்ஸை விட்டால் ராத்திரி தங்குகிற செலவு வேறு. போய்ப் பார்க்கிற டாக்டர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், அவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. நீங்கள் கொண்டுபோன சீட்டும் இன்றைக்கு நீங்கள் சொல்லும் நாலு வார்த்தையும்தான் அவர் கையில் இருப்பது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்தது முழுக்க இதில் இருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர், வயது அறுபதுக்கு மேல். தலைசுற்றுகிறது, ரெண்டு தடவை விழுந்துவிட்டேன் என்று வந்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மஞ்சள் பையைத் தலைகீழாக மேஜையில் கொட்டினார். அட்டை அட்டையாக மாத்திரை, பாதி தின்ற அட்டை, முனை கத்தரித்த அட்டை, பெயர் இருக்கிற பக்கமே கிழிந்துபோன அட்டை. "இதையெல்லாம் சாப்பிட்டாத்தான் சார் உசுரு நிக்கும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

ஒவ்வோர் அட்டையாகக் கையில் எடுத்து, இது எப்போது ஆரம்பித்தது, எதற்காக என்று கேட்டுக்கொண்டே வந்தோம். முதலில் பி.பி.க்கு எங்கள் நிலையத்தில் கொடுத்த இலவச மாத்திரை, அம்லோடிபின். அப்புறம் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு கிளினிக்கில் பி.பி. கூடுதல் என்று ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அட்டையில் பெயர் வேறு, உள்ளே இருந்தது அதே அம்லோடிபின்தான். பிறகு இன்னோர் ஊரில் இன்னொரு டாக்டர் எழுதிய மாத்திரை, ரெண்டு மருந்து சேர்ந்தது, அதிலும் ஒன்று அம்லோடிபின். ஒன்று தர்மாஸ்பத்திரி மாத்திரை, மற்றது காசு கொடுத்து வாங்கிய மாத்திரை, அதனால் வேறு வேறு என்று நினைத்து அந்த அம்மா மூன்றையும் தவறாமல் விழுங்கி வந்திருக்கிறார்.

இந்த மருந்து நல்ல மருந்து. ஆனால் அளவு கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இவருக்கு வீங்கியது. கால் வீக்கம் என்று வேறொரு டாக்டரிடம் போனார், அவர் நீர் பிரிகிற மாத்திரை கொடுத்தார். நீர் பிரிந்தது, ராத்திரியில் நாலைந்து தடவை. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, மார்கழிப் பனி, இருட்டு. நீரோடு பொட்டாசியமும் போனதால் கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. நரம்பு இழுக்கிறது என்று நரம்பு ஊசி போட்டுக்கொண்டார், ஊசிக்குக் காசு. இதற்குள் பி.பி. ரொம்பவே இறங்கிவிட்டது, எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. அதற்குத் தலைசுற்றல் மாத்திரை. விழுந்த பிறகு தலைக்கு ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இருக்கவும் இருக்காது. முதல் மாத்திரைக்குப் பிறகு வந்த தொல்லை அத்தனையும் மாத்திரையால் வந்த தொல்லை, ஒன்றைச் சரிசெய்யப் போய் அடுத்தது.

இதில் ஒரு டாக்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவரவர் பார்த்ததற்கு அவரவர் வைத்தியம் செய்தார்கள். கால் வீக்கத்தை ஒருவர் பார்த்தார், கெண்டைக்காலை ஒருவர் பார்த்தார், தலைசுற்றலை ஒருவர் பார்த்தார். அந்த அம்மாவை மொத்தமாக யார் பார்த்தது? யாரும் இல்லை.

சரி, எப்படிச் சரியானது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் பி.பி. பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, நடுவில் எங்கள் நர்ஸம்மா வீட்டுக்கே போய்ப் பார்த்துவர, சில வாரங்களில் ஒரே ஒரு மாத்திரையில் வந்து நின்றது. தலைசுற்றல் போய்விட்டது, கால் வீக்கம் வடிந்தது, மறுபடி பழம் பறிக்கப் போனார். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். பி.பி. மாத்திரையைத் திடீரென்று நிறுத்திக் கைகால் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற அத்தனை அட்டையையும் ஒரு பையில் போட்டு உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள், அதுதான் செய்ய வேண்டியது.

மொத்தமாகப் பார்க்க ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வே நாட்டில் கணக்கே இருக்கிறது. அங்கே 2001-லிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப டாக்டர் என்று பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள். 2022-ல் வந்த ஓர் ஆய்வு, நாட்டு மக்கள் கிட்டத்தட்ட எல்லோருடைய பதிவுகளையும் வைத்துச் செய்தது. ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்களை, ஒரு வருஷம்தான் ஆயிற்று என்கிறவர்களோடு ஒப்பிட்டார்கள். வயது போன்ற வித்தியாசங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், 15 வருஷக்காரர்களுக்கு இறப்பு சுமார் 25 சதவீதம் குறைவு, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது சுமார் 28 சதவீதம் குறைவு. புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை, புது மெஷின் எதுவும் வைக்கவில்லை. டாக்டர் மாறவில்லை, அவ்வளவுதான்.

இன்னொருவரைச் சொல்லாமல் என்னால் பேச்சை முடிக்க முடியாது. ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதி, கிளின்கோரக் என்று ஒரு மலை ஊர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் சனம், சுமார் 2,000 பேர். அறுபதுகளில் போய்ச் சேர்ந்தவர், அங்கேயே இருந்துவிட்டார். நோய் என்று வருகிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது என்று, சளிக்கு வந்தாலும் சரி, விரல் நசுங்கி வந்தாலும் சரி, கையோடு பி.பி. பார்த்து எழுதி வைத்தார். வராதவர்களைத் தேடிப் போனார். இப்படியே ஊரில் பெரியவர்கள் எல்லோருடைய பி.பி.யையும் எழுதிவிட்டார். 25 வருஷம் கழித்து, அதேபோல் ஏழைகள் வாழும் பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால், 65 வயதுக்குள் இறந்துபோகிறவர்கள் இவருடைய ஊரில் கணிசமாகக் குறைவு. 1971-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் இவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட விட இது இன்னும் மோசமாகும் என்பது அதன் சாரம். நம் மலையில் கே.சி.பட்டியிலும் பாச்சலூரிலும் நின்று பார்த்தால் அது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

அவரால் அப்படி ஓர் ஊரில் உட்கார முடிந்தது என்றால் அவருக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருந்தது. பிரிட்டனில் 1948 ஜூலை 5-ம் தேதி தேசிய மருத்துவ சேவை ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்துகொள்ள வேண்டும், ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வேண்டுமானால் வழக்கமாக அவர் கடிதம் வேண்டும், பார்த்த பிறகு ஸ்பெஷலிஸ்டு அவருக்குத்தான் பதில் எழுதுவார். இப்போது அங்கேயும் டாக்டர் பற்றாக்குறை, காத்திருப்பு என்று கஷ்டங்கள் உண்டு. ஆனாலும் ஏற்பாட்டின் அச்சாணி இதுதான். பிரேசிலில் 1994-லிருந்து டாக்டர், நர்ஸ், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் என்று ஒரு குழுவுக்குச் சில ஆயிரம் பேரைப் பொறுப்பாக ஒப்படைத்தார்கள்.

நாமும் இதை யோசிக்காதவர்கள் இல்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1946-ல், ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைந்த கமிட்டியின் அறிக்கை ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு நம் கணக்குப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையில் 20,000 பேருக்கு ஒன்று, துணை சுகாதார நிலையம் 5,000-க்குப் பதில் 3,000 பேருக்கு ஒன்று. மலைக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதுவும் தலைக்கணக்குதான். கண்ணுக்கு எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தெரியும் ஊருக்கு இறங்கி ஏறிப் போக அரை நாள் ஆகும் என்பது அந்தக் கணக்கில் வராது. மலையில் ஆளை எண்ணினால் போதாது, நடை நேரத்தையும் எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டில் நிறைய நல்லது நடந்திருக்கிறது. கிராம சுகாதார செவிலியர்கள், அதுதான் நம் நர்ஸம்மாக்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1994-ல் ஆரம்பித்த மருத்துவப் பணிகள் கழகத்தால் நிலையத்தில் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பாதிப் பேர் பஸ்ஸுக்குக் காசில்லாமல்தான் மாத்திரையை விட்டார்கள் என்று தெரிந்தவன் நான், அதனால் மனதார வரவேற்கிறேன். ஆனால் மாதாமாதம் வருகிற அந்த மாத்திரை இன்னும் வேண்டுமா, கூட்டவா, குறைக்கவா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன், அந்த அம்மாவை மொத்தமாக யார் பார்ப்பது? காப்பீட்டு அட்டை இதற்கு உதவாது. அது ஆஸ்பத்திரியில் படுத்தால் பெரும்பாலும் கைகொடுக்கும், தினம் போடுகிற மாத்திரைக்குக் கொடுக்காது. படுக்காமல் இருக்க வழி செய்வது ஆரம்ப சுகாதாரம்தான். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையே சுகாதாரப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்கிறது.

அப்புறம் ஏன் டாக்டர் நிலைப்பதில்லை? மலையில் வேலை பார்த்தால் மேற்படிப்பு சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் உண்டு. இளம் டாக்டர்கள் அதற்காக வருகிறார்கள், நன்றாகவும் வேலை பார்க்கிறார்கள். எந்த வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, எந்தக் குடியிருப்பில் காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர் இருக்கிறார், பளியர் பழங்குடிக் குடியிருப்பில் யாரிடம் சொன்னால் எல்லோரும் ஊசி போட வருவார்கள் என்று தெரிந்துகொள்கிற நேரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துப் போய்விடுகிறார்கள். அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இங்கேயே இருந்து முன்னேற வழி இல்லை, அதுதான் குறை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். குடும்ப மருத்துவப் படிப்பைப் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு இதயம், எலும்பு, கண் என்று போகிற மாதிரி குடும்ப மருத்துவம் என்றும் ஒரு மேற்படிப்பு இருக்கிறது, மூன்று வருஷம், டி.என்.பி., எம்.டி. என்று இரண்டு பட்டமும் உண்டு. குழந்தை, கர்ப்பிணி, வயோதிகர், மனநலம், சின்னச் சின்ன அறுவைச் சிகிச்சை எல்லாம் சேர்ந்த படிப்பு, மலைக்கென்றே அளவெடுத்தது. இடங்கள்தான் ரொம்பக் குறைவு. அதை அரசு கல்லூரிகளில் கூட்ட வேண்டும், பயிற்சியில் ஒரு பகுதியை மலை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்க வேண்டும், முடித்தவருக்கு அங்கேயே ஸ்பெஷலிஸ்ட் சம்பளம், குடியிருக்க ஒழுங்கான வீடு, பதவி உயர்வு கொடுக்க வேண்டும். வீட்டில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் கட்டடம் கேட்கும்போது, இங்கே இருக்கிற டாக்டரை ஐந்து வருஷமாவது இருக்க வைக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று அதோடு சேர்த்துக் கேட்டு, தீர்மானத்தில் எழுத வையுங்கள். நன்றி, வணக்கம்.